தொட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு

புதுச்சேரி, கடலூர் வட்டார நர்சரி அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். முதலியார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மொட்டை மாடியிலும் வாசலிலும் நிற்கும் செடிகளில் பாதிக்கு மேல் உங்களிடம் வாங்கியவைதான்.

போன வருஷம் வாசலுக்கென்று சைக்கஸ் என்ற, சின்னப் பனை மாதிரி இருக்கும் அலங்காரச் செடி ஒன்று வாங்கினேன். "தண்ணி கொஞ்சம் ஊத்தினா போதும் சார், ஆடு மாடுகூட வாய் வைக்காது" என்று சொல்லிக் கொடுத்தார்கள். உண்மைதான், ஆடு மாடு வாய் வைக்கவில்லை. எங்கள் நாட்டு நாய்க்குட்டி செவலை வைத்தது. நான்கு மாதக் குட்டி, பல் மாறும் வயது. அடித்தண்டைப் பிறாண்டிக் கடித்துப் போட்டிருந்தது. அன்று ராத்திரி வாந்தி. புல்லைத் தின்றிருக்கும், சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருந்தது. கண்ணின் வெள்ளையும் அப்படியே. "வீட்டில் என்ன செடி வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். செல்போனில் இருந்த வாசல் படத்தைக் காட்டினேன். ஐந்தாம் நாள் செவலை போய்விட்டது.

சைக்கஸில் எல்லாப் பாகமும் நஞ்சு, விதை எல்லாவற்றையும்விட மோசம். அதிலுள்ள சைக்கசின் என்ற நஞ்சு கல்லீரலை அழித்துவிடும். தின்ற ஓரிரு மணி நேரத்தில் கொண்டுபோனால் டாக்டர் வாந்தி எடுக்கவைத்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. எனக்கு அது தெரியாது. விற்றவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நம் ஊர்ச் செடிகளுக்கு எச்சரிக்கை பெயரிலேயே இருந்தது. ஆடு தொடாததால் ஆடாதோடை, ஆடு தின்னாததால் ஆடுதின்னாப்பாளை. அரளி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நர்சரியில் விற்கும் இந்தச் சைக்கஸ் ஜப்பான் பக்கத்துச் செடி, டிஃபன்பேக்கியா மத்திய, தென் அமெரிக்கக் காட்டுச் செடி. இவற்றுக்கு நம் ஊரில் பழகிய பெயரும் இல்லை, கூடவே வரவேண்டிய எச்சரிக்கையும் வரவில்லை. மாடி மாடியாகப் பூக்கிற அடீனியம் அரளிக் குடும்பம்தான், அரளியைப் போலவே இதயத்தைத் தாக்கும். இதை எத்தனை பேரிடம் சொல்லி விற்றிருப்பீர்கள்?

மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா, அக்லோனிமா, பீஸ் லில்லி எல்லாம் சேம்புக் குடும்பம். கருணைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதே ஊசிப் படிகங்கள் இந்த இலைகளிலும் உண்டு. கடித்த நாய்க்கும் பூனைக்கும் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பொக்கேயில் வைக்கும் நிஜ லில்லி வேறு. பூனை அதன் மகரந்தத்தை நக்கினாலே, பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலே போதும், மூன்று நாளுக்குள் சிறுநீரகம் போய்விடும்.

செடியோடு வாசனை எண்ணெயும், அதைக் காற்றில் தூவும் டிஃப்யூசரும் விற்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. டீ ட்ரீ, யூகலிப்டஸ், கிராம்பு எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. காற்றில் விடும் நுண்துளி அதன் முடியில் படியும். பூனை நாளெல்லாம் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி, அத்தனையும் வயிற்றுக்குள்தான் போகும்.

இந்தச் செடிகளை விற்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. பில் போடுவதற்கு முன் "வீட்ல நாய், பூனை இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இருக்கிறது என்றால் அரேக்கா பாம், ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன், ரோஜா என்று பயமில்லாததைக் காட்டுங்கள். உங்கள் வியாபாரம் கெடாது. அப்புறம், நஞ்சுள்ள செடித் தொட்டியின் விளிம்பில் சிவப்பில் ஒரு பொட்டு வையுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தப் பொட்டுக்கு அர்த்தம் எழுதி, குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியின் போன் நம்பரையும் ஒட்டிவிடுங்கள்.

சிவப்பு எனாமல் ஒரு டப்பாவும் இரண்டு பிரஷும் வாங்கி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை, சைக்கஸ் வாங்கிய அந்த நர்சரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கூப்பிட்டால் உங்கள் இடத்துக்கும் வருவேன்.

இப்படிக்கு,
செவலை வீட்டுக்காரன்,
முதலியார்பேட்டை