கோணல் ஓடும் கட்டை மீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

முட்டம், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் பக்கம் பாறை, சீலா மீன்களுக்குத் தூண்டில் போடும் இளைஞர்கள், கடையில் விற்கும் லூரை (மீனை ஏமாற்றும் பொய் இரையை) விட்டுவிட்டு மரத்தில் தாங்களே மீன் செய்து பார்க்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பல கட்டைகள் தண்ணீரில் ஒருக்களித்து ஓடுகின்றன. குறை மரத்தில் இல்லை, வேலையின் வரிசையில் இருக்கிறது. முதலில் மீன் உருவம் செதுக்கிவிட்டு அப்புறம் கம்பிக்கும் நாக்குக்கும் வெட்டுப் போடுகிறார்கள். (நாக்கு என்பது மோவாயில் செருகும் சிறு தகடு.) உருண்ட கட்டையில் நடுக்கோட்டை எங்கே பிடிப்பது?

ஓட்டு வீடு இடிக்கும் இடத்திலோ ஆக்கர் (பழைய சாமான்) கடையிலோ கிடைக்கும் தேக்கு, அயனி ஜன்னல் சட்டம் போதும். 10 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. உயரம், 2 செ.மீ. கனம். துண்டு சதுரமாக இருக்கும்போதே எல்லாப் பக்கமும் நடுக்கோடு போட்டு, கொக்கிக் கம்பி பதிக்க அடிவயிற்றில் மூக்கு முதல் வால் வரை பாதி உயரத்துக்கு ஆக்ஸா பிளேடால் அறுக்க வேண்டும். மோவாயில் நாக்குக்காக 45 டிகிரியில் ஒரு குறுக்கு வெட்டு. அது கம்பி வரும் இடத்தைத் தொடக்கூடாது. இதற்குப் பிறகுதான் கத்தியும் உப்புத்தாளும். (பழைய பெயின்ட் இருந்தால் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டின் தூளை நம்ப முடியாது.)

கொக்கி மாட்டத் திருகாணி வளையம் வேண்டாம். நல்ல பாறை ஒன்று இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். 18 கேஜ் ஸ்டெயின்லெஸ் கம்பி ஒரே துண்டாக மூக்கு, வயிறு, வால் மூன்றிலும் வளையம் விட்டு ஓட வேண்டும். குடைக்கம்பி சும்மா கிடைக்கிறதே என்று போட்டால், உப்புத் தண்ணீரில் துருவேறி உப்பி மரத்தையே பிளந்துவிடும்.

நாக்குக்குப் பழைய சி.டி. போதும், 1.2 மி.மீ. கனம். வெந்நீரில் போட்டு எடுத்து வெட்டினால் விரிசல் விடாது. நாக்கு உடம்பின் போக்கிலேயே நீண்டால் ஆழம் போகும். கீழ்நோக்கிச் செங்குத்தாக நின்றால் மேல்தண்ணீரிலேயே நெளியும்.

மரத்துக்கு நீர் ஏறாத பூச்சு கொடுத்த பின், கம்பியும் கொக்கிகளும் மாட்டி வாளியில் மிதக்கவிட்டு ஈயத்தின் எடையை முடிவு செய்யுங்கள். குழாய்த் தண்ணீர் ஏமாற்றும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரையுங்கள். தேக்குக்கு 3, 4 கிராம் ஈயம் போதும். வேலிக்கால் கல்யாண முருங்கையில் செய்தால் 10 கிராமையும் தாண்டும். ஈயம் வயிற்றின் அடியில், நடுவுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மேலே ஏறினால் கட்டை மல்லாந்துவிடும்.

பூச்சுக்கு வள்ளத்துக்குப் பூசும் முந்திரி ஓட்டு எண்ணெயைச் சிலர் எடுக்கிறார்கள். கையைப் புண்ணாக்கும், காயவும் நாளாகும். 24 மணி நேரத்தில் இறுகும் இருகுழாய் அரால்டைட் பசையே மேல். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, தின்னரால் துடைக்காவிட்டால் பசை உரிந்து வரும். பளபளப்புக்கு மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள், கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு, மேலே இன்னொரு பூச்சு. சீலாவின் பல்லுக்குத் தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) நிற்காது. முன்னால் ஒரு சாண் ஸ்டீல் கம்பி கட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கட்டை வலப்பக்கம் இழுத்தால், மூக்கு வளையத்தைக் குறட்டால் இடப்பக்கம் ஒரு மயிரிழை வளைத்துவிட்டுத் திரும்ப இழுத்துப் பாருங்கள்.

வாசகர், குளச்சல்