பாப்பாவுக்கு

பினாங்கு, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பாப்பா,

தைப்பூசத்துக்கு நீ மட்டும் வந்தாய். மாப்பிள்ளைக்கு வேலை என்றாய், அம்மா நம்பிவிட்டாள். தண்ணீர்மலையில் பால்குடத்தை இறக்கக் குனிந்தாயே, அப்போது உன் கழுத்தில் தாலிச்செயின் இல்லை. நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. லோயர் ஆபீஸில் கிராணியாக இருந்து மனு கட்டியவனுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எந்தத் தாளிலும் இப்போது கையெழுத்துப் போடாதே.

முஸ்லிம் அல்லாத நம்மவர்களுக்கு 1976-ஆம் ஆண்டுக் கல்யாண, விவாகரத்துச் சட்டம். கல்யாணமாகி 2 வருஷம் ஆகாமல் விவாகரத்து மனு போட முடியாது. தாங்கவே முடியாத கஷ்டம் என்று காட்டிக் கோர்ட் அனுமதி வாங்கினால்தான் உண்டு. உனக்கு ஆவணியில்தான் 2 நிறைகிறது. 64-ஆம் செக்ஷனில் நீதிமன்றப் பிரிவு என்று ஒன்று உண்டு, கல்யாணத்தை முறிக்காமல் கோர்ட் தீர்ப்போடு பிரிந்து வாழ்வது. அதற்கு அந்தத் தடை இல்லை. ஜேபிஎன் என்கிற தேசியப் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்கும் போகவேண்டியதில்லை. ஆனால் காரணம் காட்ட வேண்டும்: வேறு தொடர்பு, அல்லது கூட வாழ முடியாத நடத்தை. நடந்ததைத் தேதி போட்டு எழுதி வை.

பிரிவுத் தீர்ப்பு கிடைத்தால் சேர்ந்து வாழும் கட்டாயம் நீங்கும். ஜீவனாம்சம், வீட்டில் பங்கு இரண்டும் கேட்கலாம். கல்யாணம் மட்டும் அறுபடாது, மறுமணம் முடியாது. பிறகு விவாகரத்து வேண்டுமென்றால் இன்னொரு மனு, இன்னொரு செலவு. பழைய தீர்ப்பை ஆதாரமாக வைக்கலாம், அவ்வளவுதான். மனசு முடிவாகிவிட்டால் இந்தச் சுற்று வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

விவாகரத்துக்கு இருவரும் ஒத்துப்போனால் ஆவணிக்குப் பிறகு கூட்டு மனு. சமரசக் குழு இல்லை. ஒருவர் மட்டும் போட்டால் முதலில் அந்தக் குழு, அதற்கே 6 மாதம் வரை இழுக்கும். தீர்ப்பு சொன்ன அன்றே முடிந்துவிடாது, 3 மாதம் கழித்துத்தான் உறுதியாகும். பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நாளிலிருந்து பிரிந்திருந்த காலக் கணக்குத்தான் ஓடும். உரிமை எதுவும் தானாக வராது.

வீட்டுக்கடன் நீ கட்டிய ரசீதுகளை எடுத்து வை. பங்கு பிரிக்கும்போது யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்ப்பார்கள். மாதம் தவறாமல் கட்டியவள் நீ, எனக்குத் தெரியும். இத்தனை கெட்டிக்காரி அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

சொன்னாய். தீபாவளிக்கு வாய் திறந்தாய், "பொறுத்துப் போம்மா" என்று அடைத்துவிட்டேன். ஊரார் வீட்டுப் பெண்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முழுசாகக் கேட்டவன் உன்னைக் கேட்கவில்லை. என் தப்புதான்.

கையெழுத்து மட்டும் போடாதே. உன் கல்யாணச் சான்றிதழின் நகல் என் பீரோவில் இருக்கிறது. ஒரு போன் பண்ணு, பஸ் ஏறி நானே கோலாலம்பூருக்குக் கொண்டுவருகிறேன்.

அப்பா