சேஜ் கல்லூரிப் பக்கங்களை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்காகக் கட்டிய சேஜ் கல்லூரி பற்றிய சிற்றேடு ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. அந்தப் பக்கங்களின் கோப்புகளை நாங்கள் இழந்ததும் நீங்கள் மீட்டுத் தந்ததும் தெரிந்ததே, அதனால் நேரே நன்றிக்கு வருகிறோம்.

முதலில், பல்கலைக்கழகத்தை நிறுவிய எஸ்ரா கார்னெல் சேஜ் கல்லூரியின் அடிக்கல்லுக்குள் வைத்த கடிதத்தை யாரும் கேட்காமலே தட்டச்சு செய்து அனுப்பிய வாசகருக்கு. பெயர் போட வேண்டாமாம். மூலத்தில் வரி முடிகிற இடத்திலேயே முடித்து, எஸ்ராவின் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் அனுப்பியிருந்தார். அதனால் கையெழுத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட முடிந்தது. பிழை திருத்தி ஒரே பத்தியாக ஓட்டித் தந்திருந்தால், விடுபட்ட சொல் எது, மாற்றிய சொல் எது என்று பிரித்தறிவது பெரும்பாடு.

அந்தக் கடிதம் இல்லாமல் சேஜ் கல்லூரியின் கதை பாதிதான். 1870இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு படிக்க வந்த ஜென்னி ஸ்பென்சர் என்ற மாணவிக்கு, பல்கலைக்கழகம் இருந்த இத்தாக்கா ஊரின் குன்றின் மேல் தங்க இடமில்லை. கீழே ஊரிலிருந்து தினமும் ஏறி இறங்கி மாளாமல் படிப்பை விட்டார். படிக்க இடம் கொடுத்துவிட்டு விடுதி கொடுக்காவிட்டால் இதுதான் நடக்கும். ஆண்களுக்கு நிகரான கல்வி பெண்களுக்கும் வேண்டும் என்ற நிபந்தனையோடு ஹென்றி சேஜ் என்ற கொடையாளர் 2,50,000 டாலர் தந்தார். சார்லஸ் பாப்காக் வரைந்த கட்டடத்துக்கு 1873 மே 15 அன்று அடிக்கல் நாட்டினார்கள். இந்த முயற்சி தோற்றால் காரணத்தைக் கல்லுக்குள் இருக்கும் கடிதம் சொல்லும், அதற்கு நகல்கூட வைத்துக்கொள்ளவில்லை என்று அந்த விழாவில் பேசினார் எஸ்ரா. 1875இல் கட்டடம் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இந்தப் பேச்சை மட்டும் படிப்பவருக்கு, பெண்கல்வி பற்றி அவருக்கே உள்ளூர ஐயம் இருந்தது போலத் தோன்றும். 1997இல் புதுப்பிப்புப் பணியின்போது கிடைத்த கடிதத்தில் இருந்ததோ வேறு. அவர் அஞ்சியது மதப்பிரிவுச் சண்டைகளுக்கு. இருபாலரும் சேர்ந்து படிப்பதைப் பாதுகாப்பான வழி என்றே எழுதியிருந்தார். ‘வரப்போகும் ஆணுக்கும் பெண்ணுக்கும்’ என்றுதான் கடிதத்துக்கு முகவரி.

படங்களை மறுபடி ஸ்கேன் செய்து தந்தவர்கள், இரவோடிரவாக மெய்ப்புப் பார்த்தவர்கள், இயந்திரத்தை நிறுத்திவைத்துக் காத்திருந்த அச்சகத் தோழர்கள், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

இனி மூலக்கோப்பு மூன்று இடங்களில் இருக்கும், அதில் ஒன்று வெளியூரில். மாதம் ஒருமுறை மூன்றையும் திறந்து பார்த்துவிடுவோம். கடிதத்தின் தட்டச்சுப் படி வேண்டுபவர்கள் கேளுங்கள், ஒரு புள்ளியும் மாற்றாமல் அனுப்புகிறோம்.

— சிற்றேட்டுக் குழு