'டாக் பேக்' என்று தந்த நாறும் விரிப்பும் ஆபத்தான தாளும்: புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆகஸ்டில் இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிக்குப் போவதற்காக உங்களிடம் கேரவனும், அதன் பக்கவாட்டில் கட்டும் கூடாரமான ஆனிங்கும் வாடகைக்கு எடுத்தோம். கூடவே நாயும் வருகிறது என்றதும் 'டாக் பேக்' என்று தனியாக 45 பவுண்ட் வாங்கினீர்கள். புல்லைக் கெடுக்காத, காற்றுப் போகும் தரைவிரிப்பு, நாய்க்குத் தீங்கில்லாத கிருமிநாசினி, சுத்தம் செய்யும் முறை எழுதிய தாள் எல்லாம் அதில் இருக்கும் என்று உங்கள் ஊழியர் போனில் தமிழிலேயே விளக்கமாகச் சொன்னார். அதை நம்பித்தான் புறப்பட்டோம்.

பையைத் திறந்ததுமே மூத்திர நெடி மூக்கைத் துளைத்தது. ஈரம் காயாமல் சுருட்டிய விரிப்பு. மடிப்புகளில் வெள்ளை முடி அப்பிக்கிடந்தது; எங்கள் மணி கறுப்பு நாய். வீட்டுக்குள் அசுத்தம் செய்யாதவன், அந்த விரிப்பை முகர்ந்ததும் ஆனிங் மூலையில் காலைத் தூக்கிவிட்டான். இன்னொரு நாயின் வாடை இருக்கும் இடத்தில் ஆண் நாய் தன் வாடையையும் வைக்கத்தான் பார்க்கும். நாய் வைத்திருப்பவர்களுக்கென்றே பொருள் வாடகைக்கு விடுகிறவர்கள், ஒருவர் திருப்பித் தந்ததை அலசி வெயிலில் காயப்போடாமல் அடுத்தவருக்குக் கொடுக்கலாமா?

அந்த விரிப்பும் நீங்கள் சொன்ன விரிப்பு இல்லை. வெறும் நீலத் தார்ப்பாய். மழைத் தண்ணீரும் மணியின் மூத்திரமும் கீழே இறங்காமல் குழிகளில் தேங்கி நின்றன. மறுநாள் முகாம் பொறுப்பாளர் வந்து ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். புல் வெளுத்து, கொழகொழவென்று படிந்துகிடந்தது. பிரிட்டனில் பல முகாம்களில் புல்தரையில் வலைபோல நெய்த விரிப்பு மட்டும்தான் போடலாம். உடனே எடுக்கச் சொன்னார். பேக்வெல் ஊருக்குப் போய் 38 பவுண்டுக்குப் புதிதாக வாங்கினோம். நாய் மூத்திரம் போன இடத்தில் உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள நைட்ரஜன் நீர்த்துப்போய் புல் கருகாது என்றும் அவர்தான் சொல்லித்தந்தார். உங்கள் தாளில் அது இல்லை.

விரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தத் தாளைப் பொறுக்க முடியாது. 'மூத்திர வாடை அடிக்கும் இடத்தில் ப்ளீச்சை அப்படியே ஊற்றித் தேய்க்கவும்' என்று அதில் அச்சடித்திருக்கிறது. கிருமிநாசினி என்று தந்த பாட்டிலில் இருந்ததும் ப்ளீச்தான். மூத்திரம் பழசானால் அமோனியா உண்டாகும். அதோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு கிளம்பும். தாளில் உள்ளபடியே என் மனைவி ஊற்றினார். கண் எரிந்து, இருமல் நிற்காமல் வெளியே ஓடிவந்தார். எங்கள் மகளுக்கு ஆஸ்துமா. அந்த நேரத்தில் அவள் உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. அப்புறம், நாய் நக்கக்கூடிய தரையில் நீர் கலக்காத ப்ளீச்சை எந்த யோசனையில் ஊற்றச் சொன்னீர்கள்? மூத்திரக் கறைக்கு என்சைம் கலந்த கிளீனர் செல்லப்பிராணிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறதே.

முதலில் அந்தத் தாளைத் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களுக்குப் போன் செய்து ப்ளீச்சை ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். இதற்கு என் பணத்தைவிட அவசரம் அதிகம்.

டாக் பேக்குக்கு வாங்கிய 45 பவுண்டையும், புது விரிப்புக்கு ஆன 38 பவுண்டையும் திருப்பித் தர வேண்டும். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் வாடகைப் பொருளுக்கும் பொருந்தும்: சொன்னபடியும், சொன்ன வேலைக்கு ஏற்றதாகவும் பொருள் இருக்க வேண்டும். ரசீதும், விரிப்பு, தாள் இரண்டின் படங்களும் இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்