பத்தாயிரம் கிலோமீட்டர் கணக்கு வடசென்னைக்குப் பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாரி டீசல் இன்ஜின்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாரடித்து ஓய்வு பெற்ற தண்டையார்பேட்டைக்காரன் நான். என் மகள் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறாள். மணலிக்கு வேலைக்குப் போய்வருவதும் வீட்டுக்கான சில்லறை ஓட்டங்களும்தான் அந்த வண்டியின் பிழைப்பு. முன்கண்ணாடியின் மூலையில் 'அடுத்த ஆயில் மாற்றம் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு' என்று சர்வீஸ் சென்டர் ஒட்டிய சீட்டு இருக்கிறது. எட்டு மாதத்தில் 5,000 கி.மீ. ஓடியிருந்தபோது ஆயிலை மாற்றச் சொன்னேன். இன்னும் பாதி பாக்கி இருக்கிறதே, ஏன் காசை வீணாக்குகிறீர்கள் என்று அங்கிருந்தவர் சிரித்தார்.

அவர் கிலோமீட்டரைப் பார்த்தார். நான் மணிக்கணக்கைப் பார்த்தேன். வண்டியின் திரையில் சராசரி வேகம் மணிக்கு 14 கி.மீ. என்று இருந்தது. அப்படியானால் அந்த 5,000 கி.மீட்டருக்கு இன்ஜின் ஏறத்தாழ 357 மணி நேரம் ஓடியிருக்கிறது. நெடுஞ்சாலையில் சராசரி 60 கி.மீ. வேகத்தில் போகும் ஒருவருக்கு முழு 10,000 கி.மீட்டருக்கும் 167 மணி நேரம்தான் ஆகும். பாதி பாக்கி என்று சொல்லப்பட்ட ஆயில், உண்மையில் இரண்டு மடங்குக்கு மேல் உழைத்து முடித்திருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

இதை வாகனத் தயாரிப்பாளர்கள் மறைக்கவும் இல்லை. பெரும்பாலான உரிமையாளர் கையேடுகளில் 'கடுமையான பயன்பாடு' என்றொரு பக்கம் இருக்கும். குறுகிய தூர ஓட்டம், நின்று நின்று போகும் நெரிசல், நெடுநேரம் ஐடிலிங் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடுவது), தூசி நிறைந்த சாலை ஆகியவை இருந்தால் இடைவெளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். இந்த நான்கும் ஒருசேர அமைந்த பகுதி எங்களுடையது. தூசியோடு நிலக்கரித் தூளும் சாம்பலும் எங்களுக்கு உபரி. ஆனால் அந்தப் பக்கம் ஆங்கிலத்தில், கையேட்டின் கடைசியில் பொடி எழுத்தில் கிடக்கிறது. கவுண்டரில் இருப்பவர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவிதான் டர்போ. அது இல்லாத பழைய இன்ஜின்கள் இந்த அலட்சியத்தை ஓரளவு பொறுத்துக்கொண்டன. சிறிய டர்போ பொறுக்காது. அதன் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தொடக்கூடியது. பெட்ரோல் வண்டியில் அதன் ஒரு முனையில் மோதும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தத் தண்டைப் பெரும்பாலும் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் சரியாகச் சூடேறும் முன்பே நின்றுவிடும் குறுகிய ஓட்டங்களில், பிஸ்டன் வளையத்தைத் தாண்டி இறங்கும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கி அதை நீர்க்கச் செய்கின்றன. லாரி இன்ஜினில் வாளிக்கணக்கில் ஆயில் இருக்கும். இதில் இருப்பதோ நாலு லிட்டர் சொச்சம்.

கெட்டியான ஆயில் நல்லதுதானே என்று, லாரிப் பழக்கத்தில், 15டபிள்யூ-40 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண் இது) டீசல் ஆயிலையே ஊற்றிவிடலாம் என்று முதலில் நினைத்தவன் நான்தான். அது தவறு. குறைந்த சுற்றில் அதிக பாரம் இழுக்கும்போது தீப்பொறி வருமுன்பே பெட்ரோல்-காற்றுக் கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடும் கோளாறு இந்தச் சிறிய டர்போ இன்ஜின்களுக்கு உண்டு. ஆயிலில் அழுக்கு நீக்கச் சேர்க்கப்படும் கால்சியம் அதிகமானால் அந்த ஆபத்தும் கூடுகிறது. இதைக் கருத்தில் கொண்டே 2020-இல் அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டின் ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரம் வந்தது. கையேடு சொல்லும் தரமும் எண்ணும் டப்பாவின் மேல் இருக்கின்றனவா என்று பார்த்து, மூடியின் சீல் நம் கண்ணெதிரே உடைபடும்படி கேட்டுக்கொள்வதே போதும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். என் பிடிவாதத்துக்காக ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றித் தந்தார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வரும் வழியில், திருவொற்றியூர் தேரடிக்குச் சற்று முன்பு, ஆயில் டப்பா படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த இடத்திலேயே இன்ஜினை அணைக்கச் சொன்னேன். இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் தார்ச்சாலையில் பளபளப்பாக ஒரு கோடு. இரு சக்கர வண்டிக்காரர்கள் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று பக்கத்து டீக்கடைக்காரரும் ஓர் ஆட்டோ ஓட்டுநரும் மணலை அள்ளிவந்து கொட்டினார்கள். வண்டியை இழுத்துவந்து வீட்டு வாசலில் ஃபில்டரைக் கழற்றினேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, அதன் மேலேயே புதியதை முறுக்கியிருந்தார்கள். இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று இருந்தால் ஆயில் அழுத்தம் ஏறியதும் பிதுங்காமல் என்ன செய்யும்? விரலால் ஒருமுறை தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று நானே மறுபடி வேலையை முடித்தேன். இன்ஜினில் ஃபில்டர் உட்காரும் முகத்தைத் துடைத்து, புதிய வளையத்தில் துளி ஆயில் பூசி, கையால் மட்டும் திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஸ்டார்ட் செய்து, விளக்கு அணைந்து ஆயில் டர்போவரை எட்டும் வரை பொறுத்திருந்தேன். பிறகு அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்தேன். வடித்தெடுத்த ஆயிலைத்தான் எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை. மத்திய அரசின் 2016 கழிவு மேலாண்மை விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. எங்கள் பகுதியிலோ கான்கிரீட் போட அடிக்கும் சென்ட்ரிங் பலகையில் பூசக் கேட்டு வருகிறார்கள், இல்லையென்றால் மழைநீர் வடிகாலில் ஊற்றிவிடுகிறார்கள்.

சர்வீஸ் சென்டர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. வண்டியின் சராசரி வேகத்தைப் பார்த்து இன்ஜின் ஓடிய மணி நேரத்தை பில்லில் குறித்து, 'கடுமையான பயன்பாடு' பக்கத்தைத் தமிழில் அதன் பின்புறம் அச்சிட்டுத் தரட்டும். கழற்றிய பழைய ஃபில்டரை, ரப்பர் வளையத்தோடு சேர்த்து, வாடிக்கையாளரிடம் காட்டட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக்,
தண்டையார்பேட்டை, சென்னை.