போட்டோ எங்கே எடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்கோட்டில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் நிச்சயதார்த்தம் என்றால் பெண்ணுக்கு ஒரு பட்டுப்புடவை, ஒரு பிளவுஸ், அதோடு சரி. இப்போது போட்டோ எடுப்பதற்கென்றே தனியாக மூன்று செட், நான்கு செட் வருகிறது. எனக்கு வேலை கூடுகிறது, நான் குறை சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் சொல்கிறேன்.

வரும்போதே போனில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். எந்த ஊரோ, பின்னால் பனிமலை, பெண் தரையில் இரண்டு கஜம் புரளுகிற கவுன் போட்டிருக்கிறாள், "அக்கா, இதே மாதிரி வேணும்." எங்கே எடுக்கப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டால், அதெல்லாம் ஸ்டுடியோ அண்ணா பார்த்துக்குவார் என்கிறார்கள். இடமும் நேரமும் தெரியாமல் நிறத்தை எப்படி முடிவு செய்வது?

போன வருஷம் ஆவணி நிச்சயத்துக்கு ஒரு பெண், ஒகேனக்கல்லில் பரிசலில் போட்டோ என்று சொல்லி என்னிடம் கிளிப்பச்சை லெஹங்கா தைத்துக்கொண்டாள், மாப்பிள்ளைக்கும் பாட்டில் பச்சை குர்தா. அந்தப் பாறைக்கும் கலங்கிய தண்ணீருக்கும் பச்சை எடுப்பாகத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். போட்டோவுக்கு இரண்டு நாள் முன்னால் கர்நாடகாவில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பித் தண்ணீர் திறந்துவிட, பரிசலுக்குத் தடை போட்டுவிட்டார்கள். ஆடி, ஆவணியில் இது நமக்குப் புதுசா என்ன? கடைசியில் ரோட்டோரப் புளியமரங்களுக்கு அடியில் நிற்க வைத்து எடுத்தார்கள். பச்சைக்குள் பச்சை, இரண்டு முகமும் நாலு கையும்தான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் அம்மா இப்போதும் கடைக்கு வந்தால் அதைச் சொல்லாமல் போவதில்லை. சரி, பரிசல் ஓடியிருந்தால் மட்டும் என்ன, ஏறுகிறவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டாக வேண்டும், நான் பத்து நாள் உட்கார்ந்து போட்ட ஆரி எம்பிராய்டரி வேலை அதற்குள்ளே போயிருக்கும்.

பட்டைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மல்பெரி போட்டு, புழு வளர்த்து, கூட்டைத் தருமபுரி ஏலத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் நாம். அப்புறம் புடவை வாங்க ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் பஸ் ஏறுகிறோம், அது வேறு கதை. பட்டு இழை உருண்டையாக இருக்காது, ஏறக்குறைய முக்கோணமாக இருக்கும், அதனால்தான் வெளிச்சம் பட்டால் அப்படி மின்னுகிறது. காலை ஏழு மணி வெயிலுக்கு அது தங்கம் மாதிரி. அதே புடவையை உச்சி வெயிலில் எடுத்தால் ஜரிகை வெள்ளையாகப் பூத்துப்போய், காசு கொடுத்து வாங்கிய பார்டர் டிசைனே தெரியாது. மேக்கப் முடியவே பதினொன்று ஆகிவிடுகிறது என்பவர்கள் பட்டை ஓரமாக வைத்துவிட்டு மங்கலான காட்டன், லினன் பக்கம் போவது நல்லது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்று: பொடிக் கட்டம் போட்ட சட்டை வேண்டாம், கேமராவில் அலை அலையாக ஓடும். கண்ணைப் பறிக்கிற ரோஸ், எலுமிச்சை மஞ்சள் எல்லாம் தாடையில் அதே நிறத்தை அடிக்கும். இரண்டு பேரும் ஒரே நிறத்தில் வந்தால் பேண்டு செட் யூனிஃபார்ம்தான். புடவை பார்டரில் இருக்கிற ஒரு நிறத்தை அவருக்குச் சட்டையாக எடுத்தால் போதும்.

கவுனுக்கு அளவு கொடுக்கும்போது அன்றைக்குப் போடப்போகிற செருப்போடு வாருங்கள். ஹீல்ஸ் போட்டு அளவு கொடுத்துவிட்டு, பாறையில் நிற்க முடியாமல் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலில் நடந்தால் அந்த மூன்று அங்குலமும் சேற்றைத்தான் கூட்டும்.

இதை எழுத வைத்தது வேறு ஒரு விஷயம். போன மாதம் எனக்குத் தெரிந்த பெண்ணோடு ஊசி, நூல், சேஃப்டி பின்னோடு போட்டோ எடுக்கிற இடத்துக்கு நானும் துணைக்குப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். கேமராவுக்கு என்று தனியாகக் காசு வாங்கி ரசீது கொடுத்தார்கள். உடை மாற்ற இடம் எங்கே என்று கேட்டால் கழிவறையைக் காட்டினார்கள், அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. காருக்குள்ளேயே, அத்தையும் சித்தியும் ஆளுக்கொரு பக்கம் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்தப் பெண் குனிந்தபடியே மூன்று தடவை மாற்றினாள். இரண்டாவது தடவையிலேயே பிளவுஸ் ஹூக் பிய்ந்தது. படத்தில் அவள் முகத்தில் இருக்கிற எரிச்சலை மேக்கப் மறைக்கவில்லை.

கேமராவுக்குக் காசு வாங்குகிற இடங்களில் தாழ்ப்பாளும் ஒரு ஆள் உயரக் கண்ணாடியும் உள்ள ஒரு அறை கட்டிக் கொடுக்கும்படி உங்கள் பத்திரிகை மூலமாகச் சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அது வரும்வரை என்னிடம் நாலு செட் கேட்டு வருகிறவர்களுக்கு, என் வருமானம் போனாலும் பரவாயில்லை என்று, இரண்டுக்கு மேல் தைக்க வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரம்மா,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்