அஞ்சரைக் கட்டைக்காரனுக்கு

அன்புள்ள ஆர்மோனியம்,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். மூன்று வருஷமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டியிருப்பாய். திட்டு, நியாயம்தான். ஆனால் தினமும் காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம் அனுப்புகிறவனுக்கு என்ன பதில் எழுதுவது, சொல்.

2025 ஜூன் 11 அன்று பிரையன் வில்சன் இறந்துவிட்டார். 82 வயது. ஹாஸ்டலில் குண்டு ஒரு கேசட்டைத் தேயத் தேயப் போடுவானே, "நாலு பேர் ஒரே சமயத்துல ஊளை விடுறானுங்க" என்று நீ தலையணையை வீசுவாயே, அந்த பீச் பாய்ஸ்தான். 1961-இல் கலிபோர்னியாவில் ஹாதார்ன் என்ற ஊரில் பிரையன், அவர் தம்பிகள் இரண்டு பேர், ஒரு அத்தை மகன், பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன் சேர்ந்து தொடங்கிய குழு. ஆரம்பத்தில் பாட்டில் பெரும்பாலும் அலைச்சறுக்கு. ஆனால் பலகையில் ஏறத் தெரிந்தவன் நடுத்தம்பி டென்னிஸ் மட்டும். பிரையன் வீட்டுக்குள்ளேயே மணலைக் கொட்டி, அதில் பியானோவைப் போட்டு, காலை மணலில் வைத்துக்கொண்டு மெட்டுப் போட்டவர். வலது காதும் கிட்டத்தட்டச் செவிடு. அந்த ஒற்றைக் காதை வைத்துத்தான் 1966-இல் பெட் சவுண்ட்ஸ் என்ற ஆல்பத்தைச் செய்தார்!

இவ்வளவும் எதற்கு என்றால், நான் அவரை நேரில் பார்த்தேன். உன்னிடம் சொல்லவே இல்லை. 2022 ஜூலை 26, எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் மிச்சிகன் மாநிலத்துக் கிளார்க்ஸ்டனில், பைன் நாப் திறந்தவெளி அரங்கம். உண்மையைச் சொன்னால் நான் போனது அதே மேடையில் அடுத்து வாசித்த சிகாகோ குழுவுக்காக. மலிவான புல்வெளி டிக்கெட். பழைய பெட்ஷீட்டை விரித்துக் கொசுவை அடித்துக்கொண்டிருந்தேன். அதுதான் அவருடைய கடைசிக் கச்சேரி என்று இப்போதுதான் தெரிகிறது.

80 வயது. பியானோவுக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். அதிகம் பாடவில்லை, பேசவும் இல்லை. பக்கத்தில் அந்தப் பழைய சிநேகிதர் ஆல் ஜார்டின், அவரும் எண்பதைத் தொடப் போகிறவர். மேலே போகும் குரலை, பிரையன் இருபது வயதில் பாடிப் பெயர் வாங்கிய அந்தக் கள்ளக்குரலை, ஆலின் மகன் மாட் பாடினான். மகன் என்றால் பொடியன் இல்லை, நம் வயதுக்காரன். பிரையனின் சுருதி அப்படியே இருந்தது, ஆனால் வேறு வாயிலிருந்து வந்தது. என் பக்கத்தில் ஒரு பாட்டி வறுத்த உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தவள் வாயில் போடவே மறந்துவிட்டாள்.

இந்தக் குடும்பங்களில் சண்டைக்கும் பஞ்சமில்லை. தம்பிகள் இருவரும் போய்விட்டார்கள், கடலில் மூழ்கி டென்னிஸ், புற்றுநோயில் கார்ல். குழுவின் பெயரை மேடையில் வைத்துக்கொள்ளும் உரிமை அத்தை மகன் மைக் லவ்வுக்குப் போனது. ஆல் தன் மகன்கள் இருவரையும் பிரையனின் மகள்கள் கார்னி, வெண்டியையும் கூட்டிக்கொண்டு தனியாகக் கச்சேரி செய்தார். பெயருக்காகக் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டுத் தோற்றும் போனார். நம்ம ஊர்ப் பங்காளி வழக்கேதான். அப்புறமும் அதே ஆலும் மாட்டும் பிரையன் பக்கத்தில் வந்து நின்றார்கள், பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு நீ மேடை ஏறுவதில்லை. உன் மகள் பாப்பா பாடுகிற இடத்துக்கும் போவதில்லையாம், கட்டையன் சொன்னான். "நான் பாடின பாட்டை அவ பாடக் கேட்டா நெஞ்சு அடைக்குது" என்றாயாம். மாரியம்மன் கோயில் திருவிழாவில் சீர்காழி பாட்டை அஞ்சரைக் கட்டை சுருதியில் எடுத்தவனுக்கு அது வலிக்கும்தான். ஆனால் சீர்காழியின் மகன் சிவசிதம்பரம் பாடியபோது, "கண்ணை மூடினா அப்பாதாண்டா" என்று என் தோளைப் பிடித்து அழுத்தியது யார்? நான்தானா?

நீ பாட வேண்டாம், மாப்ளே. அவள் பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார். சுருதி பிடி, போதும். பிரையன் அவ்வளவுகூடச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. உன் பெட்டியின் துருத்தியில் எலி கடித்த ஓட்டை இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதற்குள் ஆளைப் பார்த்து ஒட்டி வை. தபேலாவை நான் பார்த்துக்கொள்கிறேன். தாளம் தப்பினால் பாப்பா முன்னால் திட்டாதே.

உன்,
தப்புத் தாளம்